சுவரோரம் பறித்தது

அந்த வீடுதான். ஆனால் தட்டிப் பிரயோசனமில்லை, உள்ளே ஆள் இல்லை. நீங்கள் தட்டுவதை இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பொதுவாக மூன்று தட்டுக்கு மேல் யாரும் நிற்பதில்லை. நீங்கள் ஏழு தட்டினீர்கள். ஏழு தட்டியவரை இந்த வெயிலில் அப்படியே அனுப்ப எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. இப்படி வந்து உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதில் இருக்கும் காகிதக் கட்டுக்குள் செடி காய்கிறது.

மஞ்சள் கரிசாலைக்குத்தானே? திரவியம் ஊரில் இல்லை. ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஆறு மாதம் ஆகிறது. என்னால்தான் போனார் என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்னொருவரிடம் கேட்டு அரைகுறையாகத் தெரிந்துகொள்வதற்குப் பதில், என்னிடமே கேட்டுவிடுங்கள்.

எங்கிருந்து வருகிறீர்கள்? முக்கூடலா? இரண்டு பஸ் மாறியிருப்பீர்களே. யாருக்கு? வீட்டுக்காரருக்கா. காமாலை. டாக்டரிடம் காட்டினீர்களா? ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தாரா, நல்லது. இப்போது குணமாகிவிட்டது, ஆனால் எதைக் கொடுத்தாலும் வாய்க்குப் பிடிக்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்று இந்தக் கீரைதான் வேண்டும் என்கிறார். டாக்டரும் சாப்பிடலாம் என்றுவிட்டார். சரி. அவ்வளவு தெரிந்தால் போதும். மருந்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையைத் தேடி வருகிறவர்களிடம் நான் பேசுவதில்லை. திரவியமும் பேசமாட்டார், அதைச் சொல்லிவிட வேண்டும். "முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் என் வண்டி" என்பார்.

வண்டி என்றால், அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். என் சகலை. என் மனைவி செண்பகத்தின் தங்கை குழல்வாய்மொழியைக் கட்டியவர். எங்கள் மாமனார் ஒரே மனையை இரண்டாக வெட்டி இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் கொடுத்தார். நடுவில் இந்தச் சுவர். இடுப்பு உயரம்தான், பார்க்கிறீர்கள் அல்லவா.

நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் துறையில் இருந்தேன். பேராசிரியரா என்று கேட்காதீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் வேலை. பேராசிரியர்கள் காட்டிலும் மேட்டிலும் பறித்து வருவதைக் காகிதத்துக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, கீழே சீட்டு எழுதுவேன். பெயர், குடும்பம், பறித்த இடம், தேதி, பறித்தவர். முப்பத்தோரு வருஷம். பறித்தவர் என்ற இடத்தில் ஒரு தடவைகூட ஆவுடைநாயகம் என்று எழுத வேண்டி வந்ததில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. சும்மா சொல்கிறேன்.

திரவியம் ஓய்வு பெற்ற வருஷம் பாளையங்கால்வாய்க் கரையிலிருந்து ஒரு பிடி மஞ்சள் கரிசாலையைக் கொண்டுவந்து தோட்டத்து நடுவில் நட்டார். நட்டார் என்றால் பாத்தி கட்டியெல்லாம் இல்லை. குழியைத் தோண்டி வைத்து, "பிழைச்சுக்கோ" என்றார். பிழைத்துக்கொண்டது. ஒரு ஆட்டோக்காரருக்குக் கொடுத்தார், அவர் பத்துப் பேரிடம் சொன்னார், அந்தப் பத்துப் பேர் ஊர் முழுக்கச் சொன்னார்கள். காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். நான் எண்ணியதில்லை. ஆறு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் சராசரியாகப் பதினெட்டுப் பேர். திங்கட்கிழமை கொஞ்சம் கூடுதல்.

காசு வாங்கமாட்டார். "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி இடம் கிடக்கு" என்று வாசலில் நின்று சத்தம் போடுவார். யாருடைய பேரும் அவருக்கு நினைவிருக்காது. ஸ்டாப்பு நினைவிருக்கும். "பத்தமடை பள்ளிவாசல் ஸ்டாப்பு அக்கா, மாப்பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்பார். அந்த அக்கா உருகிப் போவாள். பேர் தெரியாததை மரியாதை என்று எடுத்துக்கொள்ளும் ஜனங்களை என்ன சொல்ல.

எங்களுக்கும் தினம் ஒரு கட்டு சுவர் வழியாக வரும், செய்தித்தாளில் சுற்றி. "அண்ணாச்சி, பருப்பு போட்டுக் கடைஞ்சு ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க" என்பார். அது நேராக அடுக்களைக்குப் போய்விடும். நான் பிரித்துப் பார்த்ததில்லை, சாப்பிட்டதும் இல்லை. அடையாளம் உறுதிப்படாத எதையும் உண்பதில்லை என்று ஒரு கொள்கை. திரவியம் சிரிப்பார். "அப்ப சோத்துப் பருக்கைக்கும் ஒவ்வொண்ணா சீட்டு ஒட்டித்தான் முழுங்குதீங்களா அண்ணாச்சி?"

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மஞ்சள் கரிசாலை என்ற பெயரில் நம் ஊரில் இரண்டு செடி உலவுகிறது. ஒன்று அசல். வைத்திய நூல்கள் பொற்றலைக் கையாந்தகரை என்று சொல்வது. ஈரமான வரப்பில், வாய்க்கால் கரையில் வரும். இலை ஒடுக்கமாக நீண்டிருக்கும், விளிம்பில் லேசான பல் இருந்தாலும் இருக்கும். பூ சிறியது. இன்னொன்று அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். நர்சரியில் வெடிலியா என்பார்கள். ரோட்டு நடுவில், ஹோட்டல் வாசலில், ரவுண்டானாவில் பாய் விரித்தாற்போலக் கிடக்கிறதே, அதுதான். இலை பளபளவென்று, அநேகமாக மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். பூ பெரியது, பகட்டானது. தரையில் படுகிற கணுவிலெல்லாம் வேர் விடும். ஒரு துண்டு விழுந்தால் போதும். யாரும் கூப்பிடாமலே வாய்க்கால் வரைக்கும் போய், அசல் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இப்போது ஊரில் பாதிப் பேர் இதைத் தொட்டியில் வைத்து, அதுதான் இது என்று துவையல் அரைக்கிறார்கள்.

இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூவே இல்லை, நூறு சின்னப் பூக்கள் நெருக்கியடித்து ஒன்றுபோல வேஷம் போடுகிற கூட்டம். தலையாட்டுகிறீர்கள், ஆனால் கேட்கவில்லை. பரவாயில்லை. திரவியமும் இப்படித்தான் தலையாட்டுவார்.

போன ஜூனில், சுற்றுச்சூழல் தினத்தன்று, இங்குள்ள காலை நடைப்பயிற்சிக் கழகத்தார் திரவியத்துக்குப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவு செய்தார்கள். கழகச் செயலாளர் இன்பராஜ் என்னிடம் வந்தார். "நீங்க பாட்டனி ஆளு, அவருக்கும் சொந்தம். ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுங்கண்ணே" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் என்னை மேடைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. வெறுங்கையோடு போகலாமா? அந்தச் செடியை உலர்த்தி ஒட்டி ஒரு மாதிரி அட்டை தயார் செய்வோம் என்று நினைத்தேன். முந்தின வாரமே சுவருக்கு மேல் கையை நீட்டி, பூவும் கணுவும் வேருமாக முழுசாக ஒரு கொடி பறித்தேன். வாசல் வழியாகப் போயிருக்கலாம். போனால் காபி சாப்பிடச் சொல்வார், எதற்கு என்று கேட்பார். அழுத்தி, காயவைத்து, ஒட்டி, சீட்டு எழுதினேன். பறித்த இடம்: திரவியம் வீட்டுத் தோட்டம். பறித்தவர்: ஆவுடைநாயகம்.

ஒட்டும்போதுதான் பார்த்தேன். மூன்று மடல். பெரிய பூ. அது வெடிலியா.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? செண்பகமும் இதைத்தான் கேட்டாள். "வீட்டுக்குப் போயி தனியாச் சொல்லியிருக்கலாம்லா?" சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டது வாழ்த்துரை, தலைப்பு அந்தச் செடி. பொய்யான பெயரை வாழ்த்த என்னால் முடியாது. பொறாமை என்றாள். பொறாமைப்பட அதில் என்ன இருக்கிறது அம்மா, பதினெட்டுப் பேர்தானே.

பன்னிரண்டு நிமிடம் பேசினேன். அதில் ஒன்பது நிமிடம் இலை விளிம்பு. அட்டையைத் தூக்கிக் காட்டினேன். "நமது நண்பர் இத்தனை காலம் அன்போடு வழங்கிவந்தது மஞ்சள் கரிசாலை அன்று, அது ஓர் அயல்நாட்டுக் களை" என்று முடித்தேன். விஷம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லை என்றுதான் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. ஆட்டோக்காரர் பின்வரிசையிலிருந்து எழுந்து, "அப்ப நான் தின்னது என்னதுண்ணே?" என்று திரவியத்தைப் பார்த்துக் கேட்டார். என்னைக் கேட்டிருந்தால் லத்தீனிலேயே சொல்லியிருப்பேன்.

திரவியம் எழுந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. பொன்னாடையைக் கழற்றி, நான்காக மடித்து, நாற்காலியில் வைத்தார். மைக்கில் வந்து, "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும். அவங்க படிச்சவங்க" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மண்வெட்டியை எடுத்தார். இரண்டு நாள் வெட்டினார். தோட்டம் முழுக்க. குவித்துக் காயவைத்துக் கொளுத்தினார். அதற்கப்புறம் செய்ததுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. தினமும் காலையில் பஸ் ஏறினார். சேரன்மகாதேவி, மேலச்செவல், சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம். பேர் தெரியாது, ஸ்டாப்பு தெரியும். இறங்கி, அங்கே டீக்கடையில் விசாரித்து, வீடு வீடாகப் போய், "தப்பான தழையைக் கொடுத்துட்டேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். பதினாறு நாள். சில வீட்டில் மோர் கொடுத்தார்களாம். ஒரு வீட்டில், உன் தழையால்தான் எங்கள் அப்பா போனார் என்று சட்டையைப் பிடித்தார்களாம். அந்த அப்பாவுக்கு எண்பத்தாறு வயது, இதயக் கோளாறு. அன்றைக்கு வந்தவர் அப்புறம் வெளியே போகவில்லை. ஆவணியில் குழல்வாய்மொழியைக் கூட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டார். கிளம்பும்போது அவள் சுவரோரம் வந்து, "வாறோம் அத்தான்" என்றாள். அவர் வரவில்லை.

செண்பகம் கூட்டம் நடந்த நாளிலிருந்தே என்னிடம் நேராகப் பேசுவதில்லை. சோறு இருக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவர் பதில் சொல்லாததால் நான் போய்ச் சாப்பிட்டுக்கொள்வேன். கூட்டம் முடிந்து வந்த அன்றே கடைசியாக ஒன்று சொன்னாள். "பத்து வருஷமா நான்தான் அந்தக் கீரையை ஆயுதேன். என் கையில வந்த இலைக்கு மூணு மடல் கிடையாது." பயிற்சியில்லாத கண் இந்த விஷயத்தில் ஏமாறும் என்று விளக்கினேன். அதற்குப் பிறகுதான் சுவர்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நல்ல மழை. வெட்டி எரித்த இடத்தில் மறுபடியும் பச்சை வந்தது. வேர் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கார்த்திகையில் பூத்தது. ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டே சுவருக்கு மேல் பார்த்தேன். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குப் பெரிய பூ, மூன்று மடல் இலை. அதைத் தாண்டி, தோட்டத்து நடுவில், திரவியம் முதலில் குழி தோண்டிய இடத்தில், சின்னப் பூ. ஒடுக்கமான இலை. மடல் இல்லை. அசல்.

என்ன பார்க்கிறீர்கள்? ஆமாம். இரண்டும் இருந்திருக்கிறது. அவர் நடுவில் பறித்து ஊருக்குக் கொடுத்திருக்கிறார். நான் ஓரத்தில் பறித்து மேடைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அடையாளத்தில் பிழையில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் சரி, குடும்பம் சரி, தேதி சரி. பறித்த இடத்தில்தான் ஒரு சின்னப் பிசகு.

சுவரோரம் அது எப்படி வந்ததா? அதுதான் சொன்னேனே, தண்டு தரையில் பட்ட இடமெல்லாம் வேர் விடும், சுவருக்கு அடியில் ஒரு விரல் சந்து இருந்தால் போதும், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்...

யார் வைத்ததா?

நான்தான். சாக்கடைத் தண்ணீர் மண்ணை அரிக்கிறது என்று, எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நர்சரியில் நான்கு நாற்று வாங்கி எங்கள் பக்கச் சுவரோரம் வைத்தேன். என்ன செடி என்று தெரிந்துதான் வைத்தேன். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாகாது என்றார்கள், இரண்டும் உண்மைதான். சுவர் தாண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். தாண்டியிருக்கிறது என்பதுதான் அன்றைக்குத் தோன்றவில்லை.

இல்லை, அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மாசி பிறந்துவிட்டது, தெரியும். கொஞ்சம் உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று இருந்தேன். இந்தக் காகிதக் கட்டில் இருப்பது அதுதான், தோட்டத்து நடுவில் பறித்த பதினோரு மாதிரி. ஒன்றை வைத்து அவசரப்பட்டதால்தானே அன்றைக்கு அப்படி ஆனது. பதினோரு தடவையும் அசல்தான். போன் செய்தேன் அம்மா, செய்யாமலில்லை. என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. செண்பகத்தின் போனில் செய்யலாம்தான். அதைக் கேட்க வேண்டுமானால் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். மூன்று மடல் இல்லை என்று அன்றே சொன்னவளிடம் போய்... நீங்களும் கல்யாணம் ஆனவர்தானே.

என்ன செய்கிறீர்கள்? நம்பரா? எதற்கு? கீரையை நான் பறித்துத் தருகிறேனே, அது ஒன்றும் பெரிய... அவரைக் கேட்காமல் அவர் தோட்டத்தில் பறித்தால் வேண்டாமா? அதுவும் ஒரு நியாயம்தான். சரி, எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது நான்கு... இந்தாருங்கள், இதில் இருக்கிறது, பார்த்துப் போடுங்கள். நீங்களே பேசுங்கள். கீரையை மட்டும் கேளுங்கள். நான் இங்கே இருப்பதாகச் சொல்ல வேண்டாம்.

எடுத்துவிட்டாரா?

என்ன சொல்கிறார்? என்னிடமா? என்னிடம் ஏன் கொடுக்கிறீர்கள் அம்மா...

சகலை. நான்தான். வச்சிராதேயும். இல்ல வே, எல்லாரும் நல்லா இருக்கோம், செண்பகம் நல்லா இருக்கா. இந்த அம்மா கீரைக்கு வந்திருக்காங்க. முக்கூடல். ஸ்டாப்பா? இரும், கேக்கேன். அம்மா, முக்கூடலில் உங்கள் ஸ்டாப் எது? பீடிக்கம்பெனியா? பீடிக்கம்பெனி ஸ்டாப்பாம் வே. வந்ததில்லையாம், முத தடவை. ம். ஆமா, கிடக்கு. தழைச்சுக் கிடக்கு. நடுவுல.

இல்ல, அதில்ல. அந்தக் களை இல்ல. சகலை, ஒரு விஷயம். அன்னைக்கு மேடையில நான் காட்டினது உம்ம செடி இல்ல. சுவரோரம் பறிச்சது. அது என் செடி. இங்கருந்து தாண்டி வந்தது. உம்மது நல்ல கீரைதான். முதல்லேருந்தே நல்ல கீரைதான்.

கேக்குதா?

ஆமா. நீரு வெட்டி எரிச்சதும் நல்ல கீரைதான்.

ஆமா வே. வீடு வீடாப் போய்ச் சொன்னதும்... ஆமா. தப்பாத்தான் சொல்லியிருக்கீரு. என் பேச்சைக் கேட்டு.

கார்த்திகையிலயே தெரியும்.

ம்.

ம்.

நானா போய்ச் சொல்லணும்? அத்தனை ஊருக்குமா? நீரு வந்தீர்னா ரெண்டு பேருமாச் சேர்ந்து... இல்ல. சரி. இல்ல வே, மாட்டேன்னு சொல்லல. எனக்கு யாரைத் தெரியும், எந்த வீடுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? சொல்லும். ஒவ்வொண்ணாச் சொல்லும். இரும், எழுதிக்கிடுதேன். அம்மா, உங்கள் பின்னால் ஜன்னலில் பேனா இருக்கும், கொஞ்சம் எடுங்கள். ம். சேரன்மகாதேவி, ரயில்வே கேட். இறங்கினா எதிர்ல டீக்கடை. ராணுவத்தில இருந்தவர் வீடுன்னு கேக்கணும். ம். மேலச்செவல், தண்ணித்தொட்டி ஸ்டாப். ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க உள்ள வீடு. சீவலப்பேரி. அந்த அப்பா வீடா? சட்டையப் பிடிச்ச வீடா? அங்கயுமா? சரி. முதல்ல அங்கயா. சரி வே. எழுதிட்டேன்.

ஹலோ? சகலை?

வைத்துவிட்டார். மீதியை நாளைக்குச் சொல்வாராம், உங்கள் போனுக்கே கூப்பிடுவாராம். தொந்தரவுக்கு மன்னிக்கவும். வாசல் சாவி மதினியிடம், அதாவது செண்பகத்திடம், இருக்கிறது, இந்த அம்மாவை வாசல் வழியாக அழைத்துப் போய்ப் பறித்துக் கொடுக்கச் சொல் என்றார்.

மன்னிப்பா? கேட்டேனே. கேட்கவில்லையா? நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்களே, சரியாகக் கேட்டீர்களா? நான் கேட்டதாகத்தான் நினைத்தேன்.

செண்பகம், நீ எப்ப வந்து நின்ன? எவ்வளவு நேரமா நிக்கே?

முழுசும் கேட்டியா.

சாவியை இந்த அம்மாகிட்ட கொடு. கூடப் போய்ப் பறிச்சுக் கொடு, நடுவுல இருக்கது. ஆமா, நீதான் சொன்னே. மூணு மடல் கிடையாதுதான். நீ சொன்னதுதான் சரி.

என்ன சொன்னே? சீவலப்பேரிக்கு முத வண்டியா? எனக்கு எப்படித் தெரியும், திரவியத்துக்குத்தான் அதெல்லாம்... அஞ்சரைக்கா?

சரி. எழுப்பி விடு.